சிவப்புப் பெட்டிக்குள் எழுதியது

ஜூன் 3, செவ்வாய்

“உன் பயத்தையெல்லாம் இனிமே என்கிட்ட சொல்லாத ஜெசி, எங்கேயாவது எழுதி வை” என்று அமல் சொல்லிவிட்டார். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்ததற்குக் கிடைத்த தீர்ப்பு. சரி, எழுதுகிறேன். பெண்டாட்டி வாயை மூடிக்கொண்டாள் என்று மனுஷர் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கட்டும்.

அமலுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ். பாலக்கரையில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில் சென்டர். நான் வேலை பார்க்கும் கம்பெனி டயாலிசிஸ் சென்டர்களுக்குத்தான் சாஃப்ட்வேர் செய்கிறது. எந்த நோயாளிக்கு எந்த நாற்காலி என்பதிலிருந்து மெஷினுக்குப் போகும் தண்ணீர் வரை எல்லாம் அதில் ஓடும். அதில் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விளக்கப் பக்கம் உண்டு. அதை எழுதுவது நான்.

அமல் போகும் சென்டரிலும் எங்கள் சாஃப்ட்வேர்தான். இதை ஆபீஸில் நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் என்று எல்லோருக்கும் தெரியும், எங்கே என்று தெரியாது. தெரிந்தால் சொந்த விவகாரம் கலக்கிறது என்று பக்கங்களை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். வேறு யாராவது எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று மேனேஜர் ரகோத்தமன் கூப்பிட்டார். “ஜெசிந்தா, இனிமே நம்ம பக்கங்களுக்கு ரெண்டு ரீடர். ஒண்ணு மனுஷன், இன்னொண்ணு ஏஜெண்ட். ரெண்டு பேருக்கும் புரியணும்.”

ஏஜெண்ட் என்பது ஆள் கிடையாது. பக்கத்தைப் படித்து, டெக்னீஷியன் அழுத்த வேண்டிய பட்டனைத் தானே அழுத்தும் ஏஐ. ஜூலை முதல் தேதி சில சென்டர்களில் சோதனை ஆரம்பம். எந்தெந்த சென்டர் என்று கேட்டேன். “அதெல்லாம் தமீம் பாத்துப்பான்” என்றார்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாக வெட்டுவதே வேலை. ‘வழக்கம்போல்’, ‘தேவைப்பட்டால்’, ‘உரிய முறையில்’ எல்லாவற்றுக்கும் கத்தி. மனிதர்கள் இந்த வார்த்தைகளைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவார்கள். ஏஜெண்ட் அங்கேயே நின்று தானாக ஏதாவது முடிவு செய்யும் என்கிறான் தமீம். தமீம்தான் அதைக் கட்டிய இஞ்சினியர். என்னைவிடப் பத்து வயது சின்னவன், மதியச் சாப்பாட்டுக்கு என் டப்பாவைத்தான் முதலில் திறப்பான்.

இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் இது எதற்கு, எப்போது செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது, என்ன செய்தால் முடிந்ததாக அர்த்தம் என்று வரிசையாக வருகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் அதே புத்தி. “ரசத்துல உப்பு கொஞ்சம் போடேன்” என்றார் அமல். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். “கடல்ல இருந்து ஒரு கைப்பிடி” என்று கத்தினார். அவருக்கு உப்பு கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

படங்களை மட்டும் தொடவில்லை. அவைதான் என் பெருமை. நான் சேர்ந்த புதிதில் ரகோத்தமன் சொல்லிக் கொடுத்தது: “யாரும் படிக்க மாட்டாங்க ஜெசிந்தா, படத்தைத்தான் பாப்பாங்க. உயிர் போற விஷயமா இருந்தா படத்து மேலயே சிவப்புப் பெட்டி போட்டு எழுதிடுங்க.” அன்றிலிருந்து ஆபீஸ் முழுக்க அதுதான் பழக்கம். திரையைப் படம் பிடித்து, அதன்மேல் சிவப்புப் பெட்டி, உள்ளே எச்சரிக்கை. எந்த சென்டருக்குப் போனாலும் சுவரில் எங்கள் படங்களை ஒட்டி வைத்திருப்பார்கள்.

ஜூன் 9, திங்கள்

அமலுக்கு டயாலிசிஸ் முடிந்து வந்ததும் வாந்தி. நேற்றைய மீன். இனி ஞாயிற்றுக்கிழமை மீன் கிடையாது.

ஜூன் 12, வியாழன்

உருளைக்கிழங்கை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறவைத்தால்தான் அவருக்குக் கொடுக்கலாம். பொட்டாசியம் இறங்க வேண்டும். அந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர்ப் பக்கத்தைத் திருத்தி எழுதி முடித்தேன். எங்கள் பக்கங்களிலேயே எனக்கு மிகவும் பயமான பக்கம் இது.

டயாலிசிஸ் மெஷின்களுக்குப் போகும் குழாயில் கிருமி சேராமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை அதில் மருந்து விட்டு வைப்பார்கள். திங்கள் விடியற்காலை நல்ல தண்ணீர் விட்டு அலசுவார்கள். மருந்து கொஞ்சம் தங்கினாலும் மெஷின் வழியாக ரத்தத்துக்குப் போய்விடும். ரத்த அணு உடையும். அதிகமானால் ஆள் பிழைப்பது கஷ்டம். அலசி முடிந்து, குழாயைத் திறந்து, ‘தண்ணீர் தயார்’ என்று திரையில் பச்சை வந்த பிறகுதான் நர்ஸ் ஊசி போடுவார்.

எழுதியதை மூன்று தடவை படித்தேன். உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது.

ஜூன் 16, திங்கள்

அமலுக்கு இன்றும் சரியில்லை. தலைவலி, வாயில் ஏதோ கசப்பு. ஞாயிறு ரீட்டா அக்கா வீட்டில் மட்டன் சாப்பிட்டார், நான் கண்ணைக் காட்டியும் நிறுத்தவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி விழுவதால் திங்கட்கிழமை உடம்பு அடிபடத்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அதுதான் காரணம்.

“புதன்கிழமை, வெள்ளிக்கிழமை எல்லாம் ஜம்முன்னு இருக்கேன்ல? திங்கக்கிழமைதான் நமக்கு ஆகாது. ஸ்கூல்லயே அப்படித்தான்” என்றார். சிரித்தேன். அவர் பாத்ரூமில் வெகு நேரம் இருந்தார், குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக்கொண்டு. தண்ணீரை வீணாக்குகிறார் என்று திட்டினேன்.

ஜூன் 18, புதன்

இன்று நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

மதியம் தமீம் வந்து, “அக்கா, உங்க தண்ணிப் பக்கத்தைப் படிச்சிட்டான். பரீட்சை வைங்க” என்றான். ஏஜெண்டை அவன் எப்போதும் ‘அவன்’ என்றுதான் சொல்வான். நான் உட்கார்ந்து, கிருமிநீக்கம் முடிந்தபின் குழாயை எப்போது திறப்பாய் என்று அடித்தேன்.

பதில் அழகாக வந்தது. அலசும் நேரம் முடிய வேண்டும். தண்ணீரின் அளவீடு வரம்புக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் திறப்பேன், பச்சை காட்டுவேன். என் வாக்கியங்கள், வரிக்கு வரி. ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் ஏதோ குறைகிறது என்று தோன்றியது. சோதனைத் தாளைக் காணோம். கடைசி நாற்காலிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, அந்தத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். மருந்து இருந்தால் நீலமாகும். நிறம் மாறாவிட்டால்தான் திறக்க வேண்டும். குழாயின் கடைசியில்தான் மருந்து தங்கும். அளவீட்டுக் கருவி இருப்பதோ குழாயின் ஆரம்பத்தில்.

“சோதனைத் தாளை விட்டுட்டியே” என்று அடித்தேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு படி இல்லை என்றது.

இல்லையா? பக்கத்தைத் திறந்து தமீமிடம் காட்டினேன். படத்தில், பட்டனுக்கு மேலேயே, கட்டை விரல் பருமனில் சிவப்புப் பெட்டி. ‘கடைசி நாற்காலியில் சோதனைத் தாள் பார்க்காமல் இதை அழுத்தாதீர்!’ கண் தெரிகிற எவரும் தப்பவிட முடியாது.

“அக்கா, அவனுக்கு எழுத்து மட்டும்தான் குடுக்குறோம். படமெல்லாம் போகாது” என்றான் தமீம்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலையிலிருந்து சாப்பிடவில்லையாம், அதனால் இருக்கும். “டெக்னீஷியன் எப்படியும் பாப்பாருல்லக்கா?” என்று இரண்டு தடவை கேட்டான். பார்ப்பார் என்றுதான் நானும் சொன்னேன். அவன் எழுந்து ரகோத்தமன் அறைக்குப் போனான்.

ஜூன் 19, வியாழன்

ரகோத்தமனிடம் போய் நின்றேன். பக்கத்தை இன்றே மாற்ற வேண்டும் என்றேன்.

“மாத்தலாம். யாரு வேண்டாங்கறா? ஆனா தண்ணிப் பக்கம் மருத்துவப் பாதுகாப்புல வருது. ரெவ்யூ கமிட்டி பாக்காம ஒரு வரி போகக் கூடாது, அது நீங்களே கேட்டு வாங்கின ரூல்தான். செவ்வாய்க்கிழமை கமிட்டி. சோதனை ஜூலைல. நடுவுல எவ்வளவு நாள் இருக்கு?”

“பயமா இருக்கு சார்.”

“உங்களுக்கு எப்பதான் பயமா இல்ல?” சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் ஏசியில் புகை வருகிறது என்று நான் மொத்த மாடியையும் கீழே இறக்கிவிட்டேன். அது கொசு மருந்து. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் முதலில் சிரிப்புதான் வருகிறது, பிறகுதான் பதில்.

சிவப்புப் பெட்டி போட்ட படங்கள் மொத்தம் எத்தனை இருக்கும் என்று பார்க்க ஆரம்பித்தேன். ரத்த அழுத்தப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் பக்கத்தில் இருக்கிறது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஜூலைக்கு நாள் இருக்கிறது. டெக்னீஷியன் பார்ப்பார். எங்கேயாவது எழுதி வை என்றாரே அமல், எழுதியும் பயம் குறையக் காணோம்.

ஜூன் 20, வெள்ளி

அமல் இன்று நன்றாக இருக்கிறார். டயாலிசிஸிலிருந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜன்னல் ஓரத்துக் கடைசி நாற்காலியை இப்போது நிரந்தரமாகத் தனக்கே கொடுத்துவிட்டார்களாம். போன மாதம் புதிதாகக் குழாயை நீட்டிப் போட்ட இடம், நல்ல வெளிச்சம், வேப்பமரம் தெரியும் என்று ஒரே புராணம். அவர் சந்தோஷமாக இருக்கும்போது நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? எலுமிச்சை சாதம் செய்தேன்.

ஜூன் 23, திங்கள், மதியம்

சென்டர் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அமல் உள்ளே இருக்கிறார். மெஷின் ஓடுகிறது. ஓடுகிறது என்று நர்ஸ் மூன்று முறை வந்து சொல்லிவிட்டார்.

காலையில் ஆட்டோவுக்குக் காத்துக்கொண்டு காப்பி குடித்தார். அவருக்கு அரை டம்ளர்தான். ஏதோ பேச வேண்டுமே என்று, “வேல்மயில் நல்லா இருக்காரா?” என்று கேட்டேன். வேல்மயில் அந்த சென்டரின் தண்ணீர் டெக்னீஷியன், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.

“அவனுக்கென்ன, ராஜா. திங்கக்கிழமை இப்பல்லாம் ஏழு மணிக்கு மேலதான் வர்றான். முன்ன மாதிரி விடியறதுக்குள்ள வந்து என் நாற்காலிக்கிட்ட தாளை வச்சு முக்கிக்கிட்டு நிக்கிற வேலையெல்லாம் கிடையாது. நாங்க போறப்பவே ஸ்கிரீன் பச்சையா இருக்கு. கேட்டா, கம்பெனிலேர்ந்தே பாத்து விட்டுர்றாங்க சார்ங்கறான்.”

“எப்பலேர்ந்து?”

“இந்த மாசம் ஆரம்பத்துலேர்ந்து” என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறிவிட்டார். ஆட்டோ திரும்பும் வரை நான் கையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. வாந்தி. கசப்பு. திங்கட்கிழமை. திங்கட்கிழமை.

அமலுக்கு ஃபோன் போட்டேன். மேஜை மேல் ஒலித்தது, மறந்துவிட்டுப் போயிருக்கிறார். சென்டர் நம்பர் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளே போகும் முன் நர்ஸ்களும் ஃபோனை லாக்கரில் வைத்துவிடுவார்கள். வேல்மயில் எடுக்கவில்லை. தமீம் எடுத்தான், பஸ் சத்தம் கேட்டது.

“தமீம், எங்கயாவது ஏஜெண்ட் இப்பவே ஓடுதா? உண்மையைச் சொல்லு.”

“பாக்க மட்டும்தான் அக்கா விட்டிருந்தோம். தண்ணிய மட்டும்... திங்கக்கிழமை விடியல்ல ஆள் வர்றது கஷ்டமா இருக்குன்னு சென்டர்லயே கேட்டாங்க. அவனே திறக்கட்டும்னு விட்டுட்டேன். புதன்கிழமையே சார்கிட்ட சொன்னேன். டெக்னீஷியன் எப்படியும் பாப்பாரு, செவ்வாய்க்கிழமை கமிட்டில பேசிக்கலாம்னாரு.”

“பாலக்கரை சென்டரா?”

“அதுவும்தான்... அக்கா, மச்சான் அங்கயா போறாங்க?”

“உடனே நிறுத்து” என்றேன். அவன் அழுகிற குரலில், “கையில லேப்டாப் இல்லக்கா, கும்பகோணத்துலேர்ந்து வந்துக்கிட்டிருக்கேன், நிறுத்த முடியாது. ஆனா பக்கம் மாறுனா அவன் உடனே திரும்பப் படிப்பான். நீங்க மாத்துங்க” என்றான்.

ரெவ்யூ இல்லாமல் மாற்ற எனக்கு உரிமை கிடையாது. ஒரே ஒரு வழி உண்டு. எழுத்துப்பிழைத் திருத்தம் என்று போட்டால் யாரும் பார்க்காமல் பக்கம் வெளியாகிவிடும். ஒற்று விட்டுப்போனால் போட்டுக்கொள்ள எங்களுக்குக் கொடுத்த சலுகை. அடுப்படி மேடையில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தேன். முதல் வரிக்கும் மேலே எழுதினேன்:

‘கடைசி நாற்காலிக் குழாய்த் தண்ணீரைச் சோதனைத் தாளில் பார்த்து, மருந்து இல்லை என்று ஒருவர் தன் பெயருடன் பதிவு செய்யும் வரை குழாயைத் திறக்காதே. திறந்திருந்தால் உடனே மூடு.’

மாற்றத்துக்குக் காரணம்: எழுத்துப்பிழை. அழுத்தினேன்.

இத்தனை வருடத்தில் என் பேச்சை யாரும் இவ்வளவு சீக்கிரம் கேட்டதில்லை. நான் ஸ்கூட்டரில் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லா மெஷினும் தண்ணீர் இல்லை என்று கத்திக்கொண்டிருந்தன. திரை சிவப்பு. அமல் சட்டைக்கையைச் சுருட்டியபடி நாற்காலியில் இருந்தார். நர்ஸ் கையில் ஊசி. இன்னும் குத்தவில்லை.

“குத்தாதீங்க சிஸ்டர்!” என்று நான் கத்தியதில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

வேல்மயில் அப்போதுதான் வந்தார். தாளை நனைத்தார். முதல் நாற்காலியில் நிறம் மாறவில்லை. நடுவில் லேசாக. அமல் நாற்காலியில் நனைத்ததும் நீலம். வேல்மயில் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்” என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

எல்லாக் குழாயையும் மறுபடி அலசினார்கள். தாள் நிறம் மாறாமல் வந்த பிறகுதான் அமலுக்கு ஊசி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“போன வாரமும் வாந்திதான் ஜெசி. அதுக்கு முந்தின வாரத்தைவிட ஜாஸ்தி. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டேன், உனக்குக் கேக்கக் கூடாதுன்னு. நீ பயந்துருவியே.”

அடித்திருப்பேன், அவர் கையில் ஊசி இருந்ததால் விட்டேன். நானும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லையே. அப்புறம் இருவரும் அழுதோம், அந்தப் பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதே நாள், மாலை

சந்தோஷப்பட்டது போதும் என்பதுபோல் ரகோத்தமனின் ஃபோன் வந்தது. திட்டுவதற்குத்தான் என்று நினைத்தேன். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஏஜெண்ட் ஓடுறது உங்க சென்டர்ல மட்டும் இல்ல ஜெசிந்தா. புதுக்கோட்டைலயும் ஓடுது.”

“சரி சார்.”

“அங்க மருந்தே கிடையாது. சுடுதண்ணில கழுவுற சென்டர். சோதனைத் தாள்னு ஒண்ணை அவங்க கண்ணால பார்த்ததில்ல. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். எல்லா சென்டருக்கும் அதே ஒரு தண்ணீர்ப் பக்கம்தான், எழுதியதும் நான்தான். சுடுதண்ணீர் என்றால் தாள் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால் எழுதவில்லை.

ஏஜெண்ட் என் வரியைப் படித்திருக்கிறது. தாள் பார்த்ததாகப் பதிவு இல்லை. மூடிவிட்டது. யாரும் பார்க்க முடியாத தாளுக்காக அது காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கிருந்த டெக்னீஷியன் எங்கள் ஹெல்ப்லைனுக்கு அழைத்திருக்கிறார், அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். முதல் ஷிப்டில் வெள்ளையம்மா என்று ஒரு அம்மா. இரண்டு நாள் இடைவெளியில் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தாராம். தண்ணீர் வரும், வரும் என்று உட்கார வைத்திருக்கிறார்கள். உதடு நீலம் பூத்த பிறகு ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்.

“இப்ப எப்படி இருக்காங்க சார்?”

“தெரியல” என்றார். “எல்லா இடத்துலயும் நிறுத்தச் சொல்லிட்டேன். புதன்கிழமை தமீம் வந்து சொன்னப்பவே நிறுத்தியிருக்கணும். நானும் பயந்துபோய்தான் இருக்கேன்.” சிரிக்கவில்லை.

அமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். நல்ல நிறத்தில் இருக்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த அம்மாதான் எதிரில் வந்து நிற்கிறார்.

ஜூன் 24, செவ்வாய்

செய்தி இல்லை. புதுக்கோட்டை சென்டரில், “ஐசியூன்னு சொன்னாங்க மேடம், அதுக்கு மேல தெரியல” என்கிறார்கள். கமிட்டியில் என் எழுத்துப்பிழை உரிமையைப் பறித்துவிட்டார்கள். சரி என்றேன். என்ன பேசினார்கள் என்று பாதி நினைவில் இல்லை. தமீம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

மருந்து விட்டுக் கழுவும் சென்டருக்கு ஒரு பத்தி, சுடுதண்ணீர் சென்டருக்கு ஒரு பத்தி என்று பக்கத்தைப் பிரித்து எழுதினேன். எது எந்த சென்டர் என்று தெரியாவிட்டால் எதையும் செய்யாமல் ஆளைக் கூப்பிடு என்றும் எழுதினேன். கூப்பிட்டு ஆள் வராவிட்டால்? அதற்கு ஒரு வரி. அந்த வரிக்குப் பிறகும் யாரோ ஒருவர் எங்கோ மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே படுகிறது. அடுத்த வரி.

ஜூன் 25, புதன்

அமல் டயாலிசிஸ் போய் வந்தார். வேல்மயில் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாராம். புதுக்கோட்டையிலிருந்து ஒன்றும் இல்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கொண்டேன். இந்த முறை அமலுக்காக இல்லை.

ஜூன் 27, வெள்ளி

அமலை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சென்டர் வராந்தாவிலிருந்தே புதுக்கோட்டைக்கு ஃபோன் போட்டேன். என் குரலைக் கேட்டதுமே டெக்னீஷியனுக்குத் தெரிந்துவிட்டது.

“வந்துட்டாங்க மேடம்! நேத்துதான் டிஸ்சார்ஜாம், இன்னிக்கு இங்கயே வந்துட்டாங்க. இருங்க, குடுக்கிறேன்” என்றார். வேண்டாம் என்று சொல்வதற்குள் ஃபோன் கை மாறிவிட்டது.

“யாரு தாயி?”

மெலிந்த குரல். பின்னால் மெஷின் சத்தம், இங்கே கேட்கிற அதே சத்தம். எழுதுகிறவள் என்று சொன்னால் என்ன புரியும்? “தண்ணி சம்பந்தமா பேசுறேம்மா” என்றேன்.

“தண்ணி ஆபீசா? அன்னைக்கு ஏன் தாயி நிறுத்திப்புட்டீக? நெஞ்சை அடைச்சிருச்சு. எம்மவன் அங்கேயும் இங்கேயும் ஓடுறான், எல்லாரும் அந்த டிவியையே பாக்குறாக, யாருக்கும் ஒண்ணும் தெரியல.”

“மன்னிச்சிருங்கம்மா. நான்தான் நிறுத்தினேன்.”

“நீயா? எதுக்கு?”

“இங்க ஒருத்தர் உயிருக்கு ஆபத்து. அங்க நீங்க இருக்கீங்கன்னு அப்ப நான் நினைக்கல.”

“அவரு பொழைச்சாரா?”

“பொழைச்சாரும்மா.”

“அது போதும் தாயி” என்றார். மூச்சு இன்னும் இழுத்தது. “இனிமே நிறுத்த மாட்டீகள்ல?”

மாட்டோம் என்று வாய் வரை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வேல்மயில் அமலின் நாற்காலி அருகே குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நிறுத்த வேண்டிய நாள் மறுபடி வரும். அன்றைக்கும் யாராவது இந்த அம்மா மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

“நிறுத்துற மாதிரி வந்தா, ஏன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தாம்மா நிறுத்துவோம். எவ்வளவு நேரமாகும், அதுக்குள்ள எங்க போகணும்னும் சொல்லுவோம்.”

“சொல்லிருங்க தாயி” என்றார். “ஏன்னு தெரியாமத்தான் அன்னைக்கு அம்புட்டுப் பயந்துட்டேன்.”

“நானும்தாம்மா” என்றேன்.